புரியாத படம் யாருக்குப் புரிந்தது?

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிய மாசி மாதத்து இரவு அது. திருவாரூரை அடுத்த கிராமம் ஒன்றில், விவசாயத் தொழிலாளர் தெருவில், இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் காட்டினோம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அரவை மில்லில் வேலை முடித்த தோழர்களும் தவிடு படிந்த தலையோடு வந்து சேர்ந்தார்கள்.

படத்தின் பெயர் ‘அந்தலூசிய நாய்’. 1929-ல் பாரிஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஸ்பெயின் தேசத்தவரான லூயி புனுவெலும் ஓவியர் சல்வதோர் தாலியும் சேர்ந்து எழுத, புனுவெல் எடுத்த ஊமைப்படம். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அதில் நாயும் இல்லை, கதையும் இல்லை!

ஒருவன் சவரக்கத்தி தீட்டுகிறான். நிலவின் குறுக்கே மெல்லிய மேகம் ஓடுகிறது. மறுநொடி ஒரு கண்ணைக் கத்தி கிழிக்கிறது. (அறுபட்டது செத்த கன்றுக்குட்டியின் கண் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். ஆனாலும் பலர் முகத்தை மூடிக்கொண்டனர்.) ஒருவனுடைய உள்ளங்கையிலிருந்து எறும்புகள் புறப்படுகின்றன. பிறகு அவன் ஒரு பெண்ணை நெருங்கப் பார்க்கிறான், முடியவில்லை. தோளில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் இரண்டு பெரிய பியானோப் பெட்டிகள். அவற்றின் மேல் அழுகிய கழுதைகள். கூடவே இரண்டு பாதிரிமாரும் தரையில் இழுபடுகிறார்கள்!

படம் முடிந்ததும் மூன்று குரல்கள் எழுந்தன.

நகரத்திலிருந்து வந்திருந்த கல்லூரி ஆசிரியர் சொன்னார்: “இதற்குப் பொருளே கிடையாது. பொருள் தேடுவதே தவறு. பேசாமல் பார்த்து அனுபவியுங்கள்.”

நம் தோழர் ஒருவர் சீறினார்: “வேலை நாளுக்கும் கூலி பாக்கிக்கும் போராடுகிற ஜனங்களுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம் எதற்கு? இது பணக்காரன் பொழுதுபோக்கு. நசிவுக் கலை!”

மூன்றாவது குரல், நாற்று நட்டு நட்டு இடுப்பு வளைந்துபோன ஒரு மூத்த தாயின் குரல்: “ஏன் வாத்தியாரே, அந்த ஆளு என்னத்த இழுக்குறான்னு ஒங்களுக்குத் தெரியலையா? அப்பன் பாட்டன் வச்சிட்டுப் போன கடனை இழுக்குறான். செத்த கழுதை, சாமியாரு, பெரிய வீட்டுச் சாமான் எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி இழுத்தா, அவன் எப்பப் போயிச் சேருறது?”

ஆசிரியர் வாயடைத்துப் போனார். தோழரும்தான். அந்தத் தாய் பேசியதன் நியாயத்தை விளக்கவே இக்கட்டுரை.

‘உனக்குப் புரியாது’ என்னும் சாட்டை

உழைப்பாளி மக்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் வாசகம் எது? “உனக்குப் புரியாது!” கோயிலில் மந்திரம் புரியாது. கச்சேரியில் வக்கீலின் வாதம் புரியாது. கடன் பத்திரத்தில் எழுதியிருப்பது புரியாது. பட்டா யார் பெயரில் மாறியது, எப்போது மாறியது என்பது புரியாது. “புரியாது, ஆகவே கைநாட்டு வை” என்பதுதான் மிராசுதாரின் அரசியல் சாஸ்திரம்! 1943-ல் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சை மண்ணுக்கு வந்தபோது இங்கே பண்ணையாளின் முதுகில் சாட்டையடி இருந்தது. வாயில் சாணிப்பால் இருந்தது. மூன்றாவதாக ஒரு சாட்டையும் இருந்தது. அதுதான் ‘உனக்குப் புரியாது’ என்பது. முதல் இரண்டையும் செங்கொடி ஒழித்தது. மூன்றாவது சாட்டை இன்னும் வீசப்படுகிறது. கலையின் பெயராலும் வீசப்படுகிறது.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய படத்தைப் பார்த்துப் புரியாமல் விழிப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. புனுவெலும் தாலியும் எழுதும்போதே தமக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அறிவுக்கோ பழக்கத்துக்கோ கட்டுப்பட்டு விளக்கம் தரக்கூடிய எந்தக் காட்சியையும் ஏற்பதில்லை என்பதே அது. ஆக, பட்டம் பெற்றவருக்கும் புரியாது, படிக்காதவருக்கும் புரியாது. இந்த ஒரு கொட்டகையிலாவது பேராசிரியருக்கும் பண்ணையாளுக்கும் சம ஆசனம்! அந்தச் சமத்துவம் பொறுக்காமல்தான் சிலர், “புரியாமையை ரசிக்கும் பக்குவம் எங்களுக்கு மட்டுமே உண்டு” என்று புதிதாக வேலி கட்டப் பார்க்கிறார்கள். வேலியைப் பிடுங்குவது நமக்குப் புதிய வேலையல்ல.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

முடிவு தெரியாத காரியத்தில் மணிக்கணக்காக மூழ்குவது நம் ஜனங்களுக்கு வராது என்று யார் சொன்னது? தஞ்சை வட்டாரத்துக் காமன் பண்டிகையைப் பாருங்கள். அதே மாசி மாதத்தில், டேப்பைத் தட்டிக்கொண்டு லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும். விடிந்தபின் தீர்ப்பு உண்டா? கிடையாது. அடுத்த ஆண்டும் அதே வாதம்! அதை ரசித்தவர்கள் கூலிக்காரர்களும் குத்தகைக்காரர்களும்தான்.

கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் முன்னால் உளறுகிறான். அந்த உளறலில்தான் ராஜாவின் மானம் போகிறது. பொய்க்கால் குதிரைக்காரன் கட்டைக்காலில் ஏறி நின்று, இல்லாத குதிரையில் ராஜாவாகச் சவாரி செய்கிறான். இவையெல்லாம் நம்முடைய சொத்து. தலைகீழாக்கிப் பேசுவதும், சம்பந்தமில்லாததைச் சம்பந்தப்படுத்துவதும் பாரிஸிலிருந்து இறக்குமதியான சரக்கு அல்ல. நேராகப் பேசினால் முதுகுத்தோல் உரியும் என்ற நிலையில் இருந்தவன் கண்டுபிடித்த மொழி அது.

ஒரே தெருவில் இரண்டு வீடு

ஐரோப்பாவில் அந்த மொழி எப்படிப் பிறந்தது? 1916-ல் உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. பதுங்கு குழிகளில் லட்சக்கணக்கான தொழிலாளர்களும் விவசாயிகளும் செத்துக் கொண்டிருந்தனர். ‘நாகரிகம்’, ‘தேச கௌரவம்’, ‘பகுத்தறிவு’ என்று அழகாகப் பேசியவர்கள்தான் அந்தக் கசாப்புக் கடையை நடத்தினார்கள். அப்போது, யுத்தத்தில் சேராத சுவிட்ஸர்லாந்தின் ஜூரிச் நகரில், ஷ்பீகல்காஸே என்னும் சந்தில், முதலாம் எண் வீட்டில், ஹூகோ பால், திரிஸ்தான் ஜாரா முதலிய கவிஞர்களும் கலைஞர்களும் கூடிக் கூச்சலிட்டனர். அர்த்தமற்ற சப்தங்களைக் கவிதை என்று படித்தனர். அதற்கு ‘டாடா’ என்று பெயர் வைத்தனர். (ஜாம்ஷெட்பூர் முதலாளி அல்ல, தோழர்களே!) “உங்கள் அர்த்தம் இத்தனை பிணங்களைக் குவிக்குமானால் எங்களுக்கு அர்த்தமே வேண்டாம்” என்பதுதான் அந்தக் கூச்சலின் சாரம்.

அதே சந்தில், பதினான்காம் எண் வீட்டில், அதே 1916-ல் குடியிருந்தவர் யார் தெரியுமா? தோழர் லெனின்! ஒரே யுத்தத்தைக் கண்டு, ஒரு வீட்டில் கூச்சலிட்டார்கள். மறு வீட்டில் ஏகாதிபத்தியத்தைப் பற்றிய நூல் எழுதப்பட்டது. கூச்சல் யுத்தத்தை நிறுத்தவில்லை. புரட்சிதான் ருஷ்ய விவசாயியைப் பதுங்கு குழியிலிருந்து மீட்டது. ஆனால் கூச்சலிட்டவன் நம் பகைவனா? அல்ல. பெர்லினில் டாடாக்காரர்களான ஜார்ஜ் குரோஸும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே சேர்ந்தார்கள். புகைப்படங்களை வெட்டி ஒட்டி ஹிட்லரின் முகமூடியைக் கிழித்தவர் ஹார்ட்ஃபீல்ட்.

டாடாவின் பேச்சு சினிமாவிலும் புகுந்தது. ரெனே கிளேர் 1924-ல் எடுத்த ‘இடைவேளை’ என்ற படத்தில் பிண வண்டியை ஒட்டகம் இழுக்கிறது. துக்கம் கொண்டாட வந்த கனவான்கள் துள்ளித் துள்ளிப் பின்னால் ஓடுகிறார்கள். கடைசியில் பிணமே பெட்டியை விட்டு எழுந்து அவர்களை மறையச் செய்கிறது. அதே ஆண்டில் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிசப் பிரகடனத்தை வெளியிட்டார். கனவின் நியாயத்தைக் கலையின் நியாயமாகக் கொள்வதே சர்ரியலிசம். 1927-ல் பிரெத்தோனும் அரகோனும் எலுவாரும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தனர். பிரெத்தோன் பின்னர் விலகிப்போனார். அரகோன் இறுதிவரை கட்சியில் இருந்தார். ஆகவே, ‘நசிவுக் கலை’ என்று ஒரே சொல்லில் முத்திரை குத்திவிடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சீறிய தோழருக்கு இது நம் முதல் பதில்.

தடை செய்தவனுக்குப் புரிந்தது!

“பொருளே கிடையாது” என்ற ஆசிரியருக்கும் பதில் உண்டு. புனுவெலின் அடுத்த படம் ‘பொற்காலம்’, 1930-ல் வந்தது. இதிலும் கதை நேராகப் போகாது. ஆனால் பாரிஸ் நகரத்துப் பிற்போக்குக் கும்பல்களுக்கு அது எப்படிப் புரிந்தது பாருங்கள்! டிசம்பர் 3-ஆம் தேதி கொட்டகைக்குள் புகுந்து திரையில் மை வீசினார்கள். முகப்பில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தார்கள். சில நாட்களில் போலீஸ் தலைவரே படத்தைத் தடை செய்தார். தடை நீங்கிப் படம் மீண்டும் பகிரங்கமாக வெளிவந்தது 1981-ல்! அர்த்தமே இல்லாத படத்துக்கு அரை நூற்றாண்டுத் தடையா? மதகுருவையும் பிரபுக்களையும் அது எங்கே கிள்ளுகிறது என்பது கிள்ளப்பட்டவனுக்குத் தெரிந்துவிட்டது.

அது தூர தேசத்துக் கதை என்பீர்கள். நம் தமிழிலேயே ஒன்று உண்டு. 1977-ல் ஜான் ஆபிரகாம் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’. அவர் கேரளத்தவர், புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று ஒரு பேராசிரியரின் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவர் அதை வளர்க்கிறார், ஊர் சிரிக்கிறது. தம் கிராமத்து அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். பேச்சற்ற பெண் உமா அதைப் பராமரிக்கிறாள். ஊரில் நடக்கும் தீங்குகளுக்கெல்லாம் கழுதையே காரணம் என்று பழி விழுகிறது. செத்துப் பிறந்த உமாவின் சிசு கோயில் வாசலில் கிடந்ததும் பழி முற்றுகிறது. கழுதை கொல்லப்படுகிறது. அதுவரை நேராகச் சென்ற கதை அதன்பின் கனவாகிறது. செத்த கழுதை கண்ணில் தோன்றுகிறது; அற்புதங்கள் நடக்கின்றன; கொன்றவர்களே அதற்குக் கோயில் கட்டப் புறப்படுகிறார்கள்! முடிவில் ஆட்டமும் தீயும். தீயில் ஊரே அழிகிறது. பேராசிரியரும் உமாவுமே மிஞ்சுகிறார்கள்.

பேராசிரியராக நடித்தவர் யார்? எம்.பி. சீனிவாசன். திரைத்தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். பட்டுக்கோட்டையாரும் ஜெயகாந்தனும் பாட்டெழுத, நிமாய் கோஷ் 1960-ல் எடுத்த ‘பாதை தெரியுது பார்’ படத்தின் இசையமைப்பாளர். கதையை எழுதியவரோ வெங்கட் சாமிநாதன். கும்பகோணத்தை அடுத்த உடையாளூர்க்காரர். நம் இயக்கத்தை வாழ்நாளெல்லாம் சாடியவர். அதற்காகப் படத்தைத் தள்ளிவிடுவோமா? மாட்டோம். கை யாருடையது என்பது ஒரு கேள்வி. அடி எங்கே விழுந்தது என்பது வேறு கேள்வி.

அடி எங்கே விழுந்தது? தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது கொடுத்தது சர்க்கார். அதே சர்க்காரின் தூர்தர்ஷன் 1989-ல் அதை ஒளிபரப்ப ஏற்பாடு செய்து, எதிர்ப்புக்கு அஞ்சி நிறுத்திக்கொண்டது. ஒரு கழுதையைக் கண்டு அரசாங்கத் தொலைக்காட்சி பயந்தது! ‘புரியாத படம்’ என்றால் ஏன் பயம்?

பொய்த் தீக்குத் தடை. நிஜத் தீக்கு விடுதலை!

தோழர்களே! இங்கேதான் நாம் நெஞ்சில் கைவைத்து யோசிக்க வேண்டும். திரையில் எரிந்தது பொய்த் தீ. அதில் ஒரு மனிதன் மயிரும் கருகவில்லை. ஆனால் நம் கீழத்தஞ்சை மண்ணில் நிஜத் தீ எரிந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில், ராமையாவின் குடிசையில் தஞ்சம் புகுந்த 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? கூலி நெல் உயர்வு கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள்.

வழக்கு நடந்தது. கீழ்க்கோர்ட்டு நிலப்பிரபுக்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கூறிய காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஏராளமான நிலம் படைத்த செல்வந்தர்கள், கார் வைத்திருக்கும் கனவான்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம்!

படிக்கிற உழைப்பாளியே, நீயே சொல்! உள்ளங்கையிலிருந்து எறும்பு வருவது நம்ப முடியாததா, இந்த நியாயம் நம்ப முடியாததா? பிண வண்டியை ஒட்டகம் இழுப்பது விபரீதமா, கார் இருப்பதால் கொலைப்பழி நீங்குவது விபரீதமா? லாவணியில்தான் ‘எரிந்த கட்சி, எரியாத கட்சி’ என்று நினைத்தோம். நீதிமன்றத்திலும் அப்படி ஒரு கட்சி ஜெயித்தது. நாற்பத்துநான்கு பேர் எரிந்தார்கள். ஆனால் எரித்தவர் எவருமில்லை!

வெண்மணியின் கதையை நேரே சொல்லும் படம் வேண்டும். பாரதி கிருஷ்ணகுமார் 2005-ல் எடுத்த ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் அந்தக் கடமையைச் செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பின் பைத்தியத்தைக் காட்ட நேரான கதை மட்டும் போதுமா? உலகம் ஒழுங்காக, நியாயமாக நடக்கிறது என்ற மயக்கத்தைக் கிழிக்கச் சில நேரம் கண்ணையே கிழிப்பது போன்ற படமும் வேண்டியிருக்கிறது.

கைதட்டிய கனவான்கள்

ஆனால் சீறிய தோழரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டோம். ‘அந்தலூசிய நாய்’ எடுக்கப் பணம் தந்தது புனுவெலின் தாயார், வசதி படைத்த சீமாட்டி. ‘பொற்காலம்’ எடுக்கப் பணம் தந்தவர் ஒரு பிரபு. முதல் காட்சியன்று கூட்டம் எதிர்த்தால் திருப்பி எறியவேண்டும் என்று புனுவெல் சட்டைப்பையில் கல்லோடு நின்றார். ஆனால் பாரிஸ் கனவான்கள் கைதட்டினார்கள்! கொலைவெறிக் கூக்குரலாகத் தாம் எடுத்ததை ‘அழகு’ என்று மெச்சுகிறார்களே என்று அவரே பிற்பாடு நொந்துகொண்டார். அறைந்த அறையையே பணக்காரன் பலகாரமாகத் தின்றுவிட்டான்.

கூட எழுதிய தாலி என்ன ஆனார்? ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவைப் புகழ்ந்தார், காசில் புரண்டார். பிரெத்தோனே அவர் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி ‘டாலர் பேராசைக்காரர்’ என்று பொருள்படப் பட்டம் சூட்டினார். இன்று சர்ரியலிசம் முதலாளியின் சம்பள ஆள். சோப்பு விளம்பரத்தில் வீடு பறக்கிறது. குளிர்பான விளம்பரத்தில் கடல் பிளக்கிறது. நம் இளைஞன் கையில் இருக்கும் செல்போனில் நொடிக்கு நொடி சம்பந்தமில்லாத காட்சிகள் ஓடுகின்றன. அவற்றுக்கும் அர்த்தமில்லை என்கிறீர்களா? நன்றாகவே உண்டு. “வாங்கு! சிந்திக்காதே!” என்பதுதான் அர்த்தம். உறங்க வைக்கும் அர்த்தமின்மை வேறு. உலுக்கி எழுப்பும் அர்த்தமின்மை வேறு. இரண்டையும் பிரித்தறியும் கண்தான் நமக்கு வேண்டும்.

பணம் மாறியது, பாதை மாறியது

புனுவெல் அங்கேயே நின்றுவிடவில்லை. 1933-ல் ஸ்பெயினின் லாஸ் ஊர்தெஸ் மலைப்பகுதிக்குப் போய், சோற்றுக்கில்லாத விவசாயிகளைப் பற்றி ‘ரொட்டியில்லா நிலம்’ எடுத்தார். அதற்குப் பணம் தந்தவர் பிரபு அல்ல. ரமோன் அசின் என்னும் ஓவிய ஆசிரியர். அராஜகவாதத் தொழிலாளர் இயக்கத்தவர். லாட்டரியில் விழுந்த பணத்தைச் சொன்ன சொல் தவறாமல் கொடுத்தார். அங்கேயும் ஒரு கழுதை உண்டு. தேனீக்கள் கொட்டிச் சாகிறது. அந்தக் காட்சி ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டது, அது குறைதான். ஆனால் பசி ஏற்பாடு செய்யப்பட்டதல்ல. குடியரசு சர்க்காரே அந்தப் படத்தைத் தடை செய்தது. அசினையும் அவர் மனைவியையும் 1936-ல் பாசிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள்.

ஜான் ஆபிரகாமும் அப்படித்தான். முதலாளியின் பணம் வேண்டாமென்று, தோழர்களோடு ‘ஒடேசா’ என்னும் குழுவை அமைத்து, கேரளத்து ஊர்களில் படம் காட்டி மக்களிடமே காசு திரட்டி 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். தற்கொலை செய்துகொண்ட இளைஞனின் மரணத்தைத் தாய்க்குச் சொல்ல ஒருவன் புறப்படுகிறான். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். மறு ஆண்டே ஜான் மறைந்தார்.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எது? ‘புரிகிறதா, புரியவில்லையா’ என்பதல்ல. யார் காசில் எடுத்தார்கள்? யார் முன் காட்டினார்கள்? பார்த்தபின் யார் தூக்கம் கெட்டது? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எந்தப் படமும் தப்ப முடியாது.

நாம் செய்ய வேண்டியது

நகரத்து அரங்கில் நூறு பேர் மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கல்ல இந்தப் படங்கள். நாகப்பட்டினத்திலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் உள்ள நம் சங்கக் கட்டடங்களில், அறுவடை ஓய்ந்த மாதங்களில், இவை காட்டப்படட்டும். தமிழில் ஒருவர் கூடவே எடுத்துச் சொல்லட்டும். படம் முடிந்தவுடன் விளக்கவுரை வேண்டாம். பார்த்தவர்கள் முதலில் பேசட்டும். அதிலும் பெண்கள் முதலில் பேசட்டும். படித்த தோழர்கள் கடைசியில் பேசட்டும்; அதுவரை கேட்டுக்கொண்டிருக்கட்டும்!

“சோறு முதலில், சினிமா பிறகு” என்பார்கள். சோற்றுக்கான போராட்டத்தை நாம் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஆனால் உழைப்பாளிக்கு வயிறு மட்டும்தான் உண்டு, கனவு கிடையாது என்பது யாருடைய கட்சி? அது மிராசுதாரின் கட்சியல்லவா?

அன்றிரவு வேட்டித் திரையைச் சுருட்டும்போது அந்த மூத்த தாய் மீண்டும் கேட்டார்: “அந்த ஆளு கயித்த விட்டானா, இல்லையா தம்பி?”

படத்தில் அதற்கு விடை இல்லை. விடை நம்மிடம் இருக்கிறது. கயிற்றை அறுப்போம்!